சம்பளம் சரியாகத்தான் கொடுக்கிறோம், அப்புறம் ஏன் போகிறார்கள்?

வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு இந்த முறை வந்தவற்றில் வேலையிடத்து மரியாதை பற்றிய கடிதங்களே அதிகம். முதலாளிகளும் எழுதியிருக்கிறார்கள், அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கிட்டத்தட்ட எல்லோருமே கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் துறையில் மற்றவர்கள் கொடுப்பதைவிடச் சம்பளம் குறைவில்லை. பிறந்தநாளுக்குப் பரிசு, மாதாமாதம் ‘சிறந்த ஊழியர்’ விருது, வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா எல்லாம் உண்டு. இருந்தும் நன்றாக வேலை செய்த மூன்று பேர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவரிடம் காரணம் கேட்டேன். “நான் இங்கே இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் சார்” என்றார். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: அவர் சொன்ன அந்த ஒரு வரியை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், பதில் அதிலேயே இருக்கிறது. பரிசு, விருது, சுற்றுலா என்று நீங்கள் சொல்வதெல்லாம் நிறுவனம் ஊழியருக்குக் கொடுப்பவை. அவருடைய கேள்வி வேறு. நான் கொடுப்பது உங்களுக்கு வந்து சேர்கிறதா, அதை யாராவது பார்க்கிறீர்களா என்பதுதான் அது.

டான் ஏரியலி, எமிர் காமெனிகா, டிராசன் பிரெலெக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாள் முழுக்க எழுத்துகள் தாறுமாறாக இருக்கும், ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடிக் குறித்துக் கொடுக்க வேண்டும். தாளுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் அது குறைந்துகொண்டே வரும், போதும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். கலந்துகொண்ட மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினர் தாளில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். இரண்டாவது பிரிவினர் கொடுத்ததைப் பார்க்காமலே ஓரத்தில் அடுக்கினார். மூன்றாவது பிரிவினரின் தாள் அவர்கள் கண்ணெதிரிலேயே தாள் கிழிக்கும் எந்திரத்துக்குள் போனது. முதல் பிரிவினர் சராசரியாக ஒன்பது தாள் செய்தார்கள், கிழிபட்டவர்கள் ஆறு சொச்சம். இதில் என்னை உலுக்கியது நடுப் பிரிவுதான். அவர்களுக்கு ஏழு தாள்கூட வரவில்லை. பார்க்காமல் ஓரம் வைப்பதும் கண்ணெதிரே கிழித்துப் போடுவதும், கொடுத்தவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இப்போது உங்கள் மின்னஞ்சலைத் திறந்து போன இரண்டு வாரத்தைப் பாருங்கள். எத்தனை அறிக்கை வந்தது, அதில் எத்தனைக்கு நீங்கள் ஒரு வரியாவது பதில் போட்டீர்கள்? “பார்த்தேன், மூன்றாம் பக்கத்துக் கணக்கு தெளிவாக இருக்கிறது, கடைசிப் பகுதியை அடுத்த தடவை இன்னும் சுருக்கிவிடலாம்” என்று எழுத ஒரு நிமிடம் போதும். இதில் பாராட்டே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குறை சொன்னால்கூடப் பரவாயில்லை, படித்தீர்கள் என்று தெரிகிறது பாருங்கள், அதுதான் வேண்டும். அப்புறம், பாதியில் கைவிட்ட வேலைகளையும் யோசித்துப் பாருங்கள். ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு திட்டம் தயார் செய்கிறார். வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார், திட்டம் வேண்டாம் என்று மேலே முடிவாகிவிட்டது. அதை அவரிடம் யார் சொன்னார்கள்? பல இடங்களில் யாரும் சொல்வதே இல்லை, அவராக ஒருநாள் வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொள்கிறார். ‘இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று’ என்ற நினைப்பு இந்த மாதிரி நாட்களில்தான் வருகிறது.

பால் ஓநீல் என்பவர் 1987 முதல் 1999 வரை அல்கோவா என்ற பெரிய அலுமினிய நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தார். நிறுவனம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அவர் மூன்று கேள்விகள் வைத்திருந்தார், கடைசி வரிசை ஊழியர்கூடத் தினமும் அவற்றுக்கு ஆமாம் என்று சொல்ல முடிய வேண்டும் என்பார். என் பதவி, படிப்பு, பிறப்பு எதுவானாலும் இங்கே நான் சந்திக்கும் ஒவ்வொருவரும் என்னை மரியாதையாக நடத்துகிறார்களா? என் வேலையை நன்றாகச் செய்யத் தேவையான கருவியும் பயிற்சியும் எனக்குக் கிடைக்கிறதா? நான் செய்ததை யாராவது கவனித்துச் சொன்னார்களா? முதலாளிகள் முதலாவதையும் மூன்றாவதையும் ஓரளவு யோசிக்கிறார்கள். இரண்டாவதை மரியாதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கணினி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று ஒருவர் மூன்று முறை எழுதிக் கேட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அவர் நேரத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பது அவருக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு பிறந்தநாள் பரிசு கொடுத்து என்ன பயன்?

மாத விருதை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிறுத்திவிடுவேன். ஒருவருக்குக் கிடைக்கும்போது முப்பத்தொன்பது பேருக்குக் கிடைக்கவில்லை, கொஞ்ச நாளில் அது முறை வைத்துச் சுற்றி வரத் தொடங்கிவிடும், யாருக்கும் அதில் பெருமை இருக்காது. சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-லேயே சொன்னது இது: சம்பளமும் வேலைச் சூழலும் மோசமாக இருந்தால் மனம் கசந்துபோகும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் நிறைவு வந்துவிடாது. அந்த நிறைவு செய்து முடித்த திருப்தியிலும், அதை மற்றவர்கள் அறிவதிலும், பொறுப்பை நம்பி ஒப்படைப்பதிலும்தான் வருகிறது. முதல் பாதியை நீங்கள் செய்துவிட்டீர்கள். மிச்சம் இருக்கும் முப்பத்தேழு பேரிடம், அவர்கள் போகும் நாள் வரை காத்திருக்காமல், இந்த மாதமே தனித்தனியாக உட்கார்ந்து, “உங்கள் வேலையில் எது வீணாகப் போவதாகத் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். கேட்டுக் குறித்துக்கொண்டதில் ஒன்றையாவது மாற்றிக் காட்டுங்கள். எதையும் மாற்ற முடியாது என்றால் கேட்கவே வேண்டாம், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது இன்னும் மோசம்.

கேள்வி: ஆறு வருடமாக ஒரே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். யாரும் என்னைத் திட்டுவதில்லை, தொந்தரவு செய்வதும் இல்லை. ஆனால் எதையும் என்னிடம் சொல்வதோ கேட்பதோ இல்லை. என் மேசையை வேறு தளத்துக்கு மாற்றியதே காலையில் வந்து பார்த்துத்தான் தெரிந்தது. விடுமுறை முடிகிற மாலை ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. “சம்பளம் வருகிறது இல்லையா, விட்டுத்தள்ளு” என்கிறார் கணவர். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை அம்மா, நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. உங்கள் கணவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் இது சம்பளத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும். பிரிட்டனில் அரசு அலுவலர்களிடையே 1967-ல் வைட்ஹால் ஆய்வு என்று ஒன்று தொடங்கினார்கள். மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். எல்லோரும் அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர்கள்தான், பட்டினி கிடந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் பதவி கீழே போகப் போக இதய நோய் கூடிக்கொண்டே போனது. புகைப்பழக்கம் போன்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. தன் வேலையில் தனக்குச் சொல்லே இல்லை என்ற நிலையில் இருந்தவர்களிடம் நோய் அதிகமாக இருந்தது. ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் இன்னொரு கோணத்தைச் சொன்னார். உழைப்பு நிறைய, திரும்பக் கிடைப்பது குறைவு என்ற நிலை நீடித்தால் உடம்பு பாதிக்கப்படும், அந்தத் ‘திரும்பக் கிடைப்பதில்’ பணம் ஒரு பங்குதான், மதிப்பும் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் மற்ற பங்குகள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். “எனக்கு மரியாதை இல்லை” என்று பொதுவாகப் போய்ச் சொல்லாதீர்கள், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்: “என் வேலையையோ இடத்தையோ பாதிக்கிற மாற்றம் எதுவானாலும் முந்தின நாளாவது என்னிடம் சொல்லுங்கள், முடிந்தால் என் கருத்தையும் கேளுங்கள்.” மேசை மாறியதை உதாரணமாகச் சொல்லுங்கள், அதுவே போதும். இரண்டு மூன்று மாதம் பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் வேறு இடம் தேடுவதில் தப்பே இல்லை. வயிற்றுத் தொந்தரவை மட்டும் மனசு சம்பந்தப்பட்டது என்று நீங்களாக முடிவு கட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பத்துப் பேரை மேற்பார்வை பார்க்கிறேன். தப்பு செய்தால் அங்கேயே உரக்கத் திட்டிவிடுவேன், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். மரியாதை, மரியாதை என்று மெதுவாகப் பேசினால், இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் கதைதான் ஆகும். வேலை நடக்க வேண்டாமா?

பதில்: வேலை நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் நானும் சொல்கிறேன். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள மாட்டீர்கள், சரி. திட்டு வாங்கியவர் வைத்துக்கொள்வார். பார்த்துக்கொண்டு நின்ற ஒன்பது பேரும் வைத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை யாராவது தப்பு செய்தால் முதலில் செய்வது உங்களுக்குத் தெரியாமல் மறைப்பதுதான்.

ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவாகியிருந்த தவறுகள் அங்கேதான் அதிகம்! தோண்டிப் பார்த்தபோது, அங்கே இருந்தவர்கள் தவறை பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள் என்று புரிந்தது. நோயாளிக்கு எந்தப் பிரிவு பாதுகாப்பு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கயிற்றை இழுக்கலாம். அணித் தலைவர் ஓடி வருவார், உடனே சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். கயிற்றை இழுத்தவரை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்தால் இரண்டாவது தடவை யார் இழுப்பார்கள்?

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். ஆளைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுங்கள். “உனக்கு அறிவு இருக்கிறதா?” என்ற கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? “இந்தத் துண்டு இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, எந்தக் கட்டத்தில் தவறியது?” என்று கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலில்தான் அடுத்த தவறைத் தடுக்க வழி இருக்கும். திரும்பத் திரும்ப அலட்சியமாக இருப்பவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள், அது உங்கள் கடமை. இன்னொன்று, பத்துப் பேர் முன்னால் திட்டியது தவறு என்று தெரிந்தால் மன்னிப்பும் அந்தப் பத்துப் பேர் முன்னால்தான் கேட்க வேண்டும், தனி அறையில் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டால் கணக்கு நேராகாது.

கேள்வி: சிறிய தொழில் நடத்துகிறேன். பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போய்விட்டதால் சில மாதங்களுக்குச் சம்பளத்தைக் குறைக்க வேண்டிய நிலை. யாரையும் வேலையை விட்டு அனுப்ப மனமில்லை. எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடலாமா? நேரில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: சுற்றறிக்கை மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் நிலைமையையே சொல்வதுபோல ஓர் ஆய்வு இருக்கிறது, ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில், ஒப்பந்தங்கள் போனதால் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் குறைத்தார்கள். மூன்றாவது ஆலையில் குறைக்கவில்லை. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் நின்று, கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போனார்கள். குறைத்த தொகை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். ஆனால் பொருள் திருட்டு கால் மணி நேர ஆலையில் மிக அதிகமாக ஏறியது, வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். விளக்கிச் சொன்ன ஆலையில் திருட்டு கொஞ்சம்தான் கூடியது.

ஆகவே நேரில் போய் நில்லுங்கள். எவ்வளவு குறைகிறது, எப்போது வரை, திரும்ப வருமா வராதா, உங்கள் பங்குக்கு நீங்கள் எவ்வளவு குறைத்துக்கொள்கிறீர்கள் என்று எண்களோடு சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் அவர்கள் கேட்பார்கள், கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. யாராவது கோபமாகப் பேசினால் பேச விடுங்கள், அவர்கள் வீட்டுச் செலவு உங்கள் முடிவால் ஆட்டம் காண்கிறது. அப்புறம், தயவுசெய்து, “நாம் எல்லோரும் ஒரே குடும்பம்” என்ற வசனத்தை அந்தக் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் சொல்லும் யோசனைகளை என் மேலாளர் கூட்டத்தில் தன்னுடையதுபோலச் சொல்லிவிடுகிறார். முன்னால் எதிர்த்துப் பேசத் தைரியமில்லை.

பதில்: கூட்டத்தில் எதிர்க்க வேண்டாம், அது பெரும்பாலும் உங்களுக்கே திரும்பி வரும். யோசனையைக் கூட்டத்துக்கு முன்பே மின்னஞ்சலில், சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று பேருக்கும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். நம்பிக்கையான சக ஊழியர்களோடு ஓர் உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள், யார் யோசனை பேச்சில் வந்தாலும், “போன வாரம் இவர் சொன்னாரே, அதுதானே?” என்று மற்றவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும். மேலாளரிடமும் ஒருமுறை தனியாகச் சொல்லிப் பாருங்கள்: “அந்தப் பகுதியை அடுத்த கூட்டத்தில் நானே விளக்கட்டுமா?” சிலர் உண்மையிலேயே யோசிக்காமல் செய்கிறார்கள், கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். தெரிந்தே செய்பவர் என்றால் இந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும். இதைப் படிக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை, உங்களுக்குக் கீழே இருப்பவர் பெயரைச் சொல்வதால் உங்கள் மதிப்பு குறைவதில்லை, நல்ல ஆட்களை வைத்திருக்கிறார் என்றுதான் உங்களைப் பற்றிப் பேசுவார்கள்.

கேள்வி: நான் ஒப்பந்த ஊழியர். நிரந்தர ஊழியர்கள் செய்யும் அதே வேலைதான். ஆனால் அடையாள அட்டையின் நிறம் வேறு, ஆண்டு விழாக் குழுப் படத்தில் நிற்கக் கூப்பிடுவதில்லை, பெயரைச் சொல்லாமல் ‘காண்ட்ராக்ட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்க உரிமை உண்டா?

பதில்: உண்டு. சம்பளமும் சலுகையும் ஒப்பந்தத்தைப் பொறுத்து மாறலாம், பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. வேலையிடத்தில் வன்முறையையும் துன்புறுத்தலையும் தடுக்க சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் ஏற்றுக்கொண்ட 190-ம் உடன்படிக்கை, 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை ஒப்பந்தம் எந்த வகையாக இருந்தாலும் அங்கே வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது தெளிவாகச் சொல்கிறது, பயிற்சியில் இருப்பவர், தன்னார்வலர், வேலை தேடி வருபவர் வரை அதில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் அந்த அளவுக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒருவரைப் பெயரில்லாமல் ஆக்குவதில்தான் பல கொடுமைகள் தொடங்குகின்றன. “என் பெயர் இது, இப்படியே கூப்பிடுங்கள்” என்று ஒவ்வொரு தடவையும், கோபமில்லாமல், திருத்துங்கள். உங்களைப் போன்ற மற்றவர்களும் சேர்ந்து செய்தால் சீக்கிரம் மாறும்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்கு மேலாளரிடமிருந்து செய்தி வருகிறது. “அவசரமில்லை, காலையில் பார்த்தால் போதும்” என்றும் எழுதுகிறார். இது மரியாதைக் குறைவா, இல்லை நான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

பதில்: அவசரமில்லை என்றால் காலையில் அனுப்பட்டும். நேரம் குறித்து அனுப்பும் வசதி இப்போது பல செயலிகளில் இருக்கிறது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே வந்துவிட்டது. உங்கள் மேலாளர் மறந்துபோகாமல் இருக்க அனுப்புகிறார் என்றுதான் தோன்றுகிறது. “இரவில் செய்தி வந்தால் தூக்கம் கலைந்துவிடுகிறது, காலையில் அனுப்ப முடியுமா?” என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஊழியர்களுக்கு அடிக்கடி நன்றி சொல்லுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொன்னால் எனக்கே செயற்கையாகத் தெரிகிறது, அவர்களும் சங்கடமாகச் சிரிக்கிறார்கள்.

பதில்: எதற்கு நன்றி என்று சொல்லாததால் இருக்கலாம். குழுவில் எல்லோருக்கும் பொதுவாகக் கட்டைவிரல் படம் போட்டு, “சூப்பர் வேலை” என்று எழுதினால் அது யாருக்கும் சொந்தமில்லை. “நேற்று அந்தப் பட்டியலில் இரண்டு வரிசை ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் நிறுத்தி வைத்தீர்களே, அதனால்தான் தப்பான விலை வாடிக்கையாளருக்குப் போகாமல் இருந்தது” என்று சொல்லிப் பாருங்கள். இதில் நன்றி என்ற வார்த்தையே இல்லை, ஆனால் அவருக்கு முழுதாகப் புரியும். இப்படிச் சொல்ல வேண்டுமானால் அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கஷ்டமான பகுதி அதுதான். எல்லோர் முன்னாலும் பாராட்டினால் கூச்சப்படுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள் அல்லது எழுதிக் கொடுங்கள். உடனே எல்லோரிடமும் தொடங்க வேண்டாம். யாருடைய வேலையைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்தும் ஞாபகம் வரவில்லையோ, அவர் இந்த வாரம் என்ன செய்கிறார் என்று போய்ப் பாருங்கள்.